புல்தரைக்கு அடிக்கும் மருந்து போர்வெல் தண்ணீரில் கலக்குமா? நாசரேத் பகுதியில் ஏன் கூடுதல் கவனம் தேவை?

வீட்டு வாசலில் கொரியன் புல், மைதானத்தில் அருகம்புல் என சின்ன ஊர்களிலும் இப்போ புல்தரை சகஜமாகிவிட்டது. கோரை முளைத்தால் களைக்கொல்லி, கரையான் வந்தால் பூச்சிமருந்து. பல இடங்களில் அதே வளாகத்தில்தான் கிணறோ போர்வெல்லோ இருக்கும். அடித்த மருந்து அந்தத் தண்ணீருக்குப் போகுமா? போகலாம். எப்படி, தடுப்பது எப்படி? பார்க்கலாம்.

நாசரேத்தில் என்ன சிக்கல்?

ஒரு பக்கம் தாமிரபரணி பாசனக் குளங்கள், இன்னொரு பக்கம் குதிரைமொழித் தேரியின் செம்மணல். களிமண் மருந்தை ஓரளவு பிடித்து வைக்கும். மணல் அப்படி இல்லை. தண்ணீரில் எளிதில் கரையும் மருந்தை சல்லடை மாதிரி கீழே விட்டுவிடும். கனமழை பெய்தால் மேலே இருக்கும் மருந்து குளத்துக்கும் வாய்க்காலுக்கும் ஓடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதை இந்தப் பகுதி மறக்காது.

எவ்வளவு கலந்தால் பிரச்னை?

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. இதன்படி 2,4-டி களைக்கொல்லியும், கரையானுக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸும் ஒரு லிட்டரில் தலா 30 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது வெறும் 1 கிராம் மருந்து, சுமார் 33,000 லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

கொதிக்க வைத்தால் போயிடுமா?

கிருமி சாகும். ஆனால் பெரும்பாலான பூச்சிமருந்து போகாது. டிடிஎஸ் மீட்டரும் இதைக் காட்டாது. நிறமோ வாடையோ மாறாமலே கலந்திருக்கலாம். தண்ணீரை லேபில் கொடுக்கும்போது, பூச்சிமருந்து எச்சமும் பார்க்கணும்னு தனியாகக் கேளுங்க.

என்ன செய்யணும்?

* கிணற்றடியில் மருந்து கலக்காதீங்க. ஸ்பிரேயரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவாதீங்க.

* தண்ணீர் பிடிக்கும்போது ஹோஸ் நுனியை மருந்துக்குள் முக்கி வைக்காதீங்க. மோட்டார் நின்றதும் மருந்துத் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்ப போர்வெல்லுக்கே போகலாம்.

* மழை வரும் என்று அறிவிப்பு இருந்தால் அன்றைக்கு அடிக்காதீங்க.

* காலி பாட்டிலை மூன்று முறை அலசுங்க. அந்தத் தண்ணீரை ஸ்பிரேயரிலேயே ஊற்றி புல்லுக்கு அடிங்க. பாட்டிலை வேறு எதற்கும் பயன்படுத்தாதீங்க.

* கிணறு, குளக்கரையை ஒட்டிய புல்லுக்கு மருந்தே வேண்டாம்.

மருந்து இல்லாமல் முடியுமா?

முடியும். தமிழர்கள் அதிகம் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அழகுக்காக புல்தரைக்குப் பூச்சிமருந்து அடிப்பதற்கு 2009 ஏப்ரல் 22 முதல் தடை. கோல்ஃப் மைதானங்கள் போன்ற சிலவற்றுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு.

நம்ம ஊரில் செய்யக்கூடியது எளிது. கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்க. புல்லை ரொம்ப ஒட்ட வெட்டாதீங்க. அடர்ந்து நிற்கும் புல் களையை அமுக்கிவிடும். ஈரம் தேங்கினால் கோரை பெருகும். அதனால் தினமும் தெளிக்காமல், இடைவெளி விட்டு நன்றாக நனையும்படி பாய்ச்சுங்க.

புல் காய்ந்தால் மறுபடி நட்டுக்கலாம். நிலத்தடி நீரில் மருந்து கலந்துவிட்டால் அதைச் சுத்தம் செய்ய வருஷக்கணக்காகலாம்.