கோம்பை என்று தேடினால் நாய்தான் வருகிறது!

"ஏம்மா, நம்ம பொடியைத் தேடினா நாயாத்தான் வருது!" என்று கைபேசியை நீட்டினாள் என் மகள். எட்டிப் பார்த்தேன். வரிசையாகச் செவலை நாய்கள், மூஞ்சி மட்டும் கறுப்பு! 'கோம்பைப் பொடி' என்று ஆசையாகப் பெயர் வைத்த எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் உத்தமபாளையம் வட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. வெளியுலகுக்குத் தெரிந்ததெல்லாம் ஊர்ப் பெயரைச் சுமக்கும் வேட்டை நாய்தான். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோதுகூடக் கோம்பையின் பெயர் வந்தது. அதோடு என் பருப்புப் பொடி போட்டி போட முடியுமா, சொல்லுங்கள்!

இவருக்கு மலையில் ஏலத்தோட்ட வேலை குறைந்துபோன சமயம் அது. மகளின் காலேஜ் பீஸுக்காகத்தான் இதில் இறங்கினேன். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, மோர் மிளகாய், கூழ் வத்தல்... எல்லாம் என் மாமியார் கைப்பக்குவம். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் காலையும் மாலையும் படம் போட்டேன். கட்டைவிரல் காட்டியவர்கள் நாற்பது பேர். வாங்கியவர்கள் மூன்று பேர். அதிலும் ஒருத்தி என் நாத்தனார்!

அடுத்து, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டி விளம்பரம் கொடுத்தேன். தமிழ்நாடு பூராவும் காட்டச் சொல்லிவிட்டேன். சென்னை, திருப்பூர் என்று விசாரிப்பு வந்தது. ஆனால் நூறு ரூபாய்ப் பொடிக்கு எண்பது ரூபாய் கூரியர் என்றதும் எல்லோரும் கப்சிப். பணம் போனதுதான் மிச்சம். பத்து இருபது மைலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டு என்று அதிலேயே குறிக்கலாமாம். எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மதினி சொன்ன பாடம்

பக்கத்து வீட்டு மதினியிடம் ஒருநாள் கேட்டேன், "நீங்க பொடி வாங்கணும்னா என்னன்னு மதினி தேடுவீங்க?"

"நான் எதுக்குக் கோம்பைப் பொடின்னு தேடப்போறேன்? பிள்ளைக்குக் காரமில்லாத பருப்புப் பொடின்னுதான் கேப்பேன்."

பளிச்சென்று விளங்கியது. நாம் வைத்த பெயரைத் தேடி யாரும் வருவதில்லை. தங்களுக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் தேடுகிறார்கள். அன்றிலிருந்து படத்துக்குக் கீழே, 'காரமில்லாத பருப்புப் பொடி, உத்தமபாளையம், கம்பம் பக்கம் நேரில் தருகிறோம், கால் கிலோ இன்ன விலை' என்று எழுதினேன். விலை எழுதாத படம் வாசல் சாத்திய கடை மாதிரி. பாதிப் பேர் கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுகிறார்கள்.

கூகுளில் நம் வியாபாரத்தைக் காசில்லாமலே பதியலாம். ஆட்கள் நேரில் வந்து வாங்கினாலோ, நாம் கொண்டுபோய்க் கொடுத்தாலோ போதும். வீட்டு விலாசத்தை வெளியே காட்டாமல், எந்தெந்த ஊருக்குத் தருவோம் என்பதை மட்டும் குறிக்கவும் வழி உண்டு. பெண்கள் இதை மறக்கக் கூடாது. வாங்கியவர்களிடம் இரண்டு வரி அபிப்பிராயம் எழுதச் சொல்லுங்கள். நாமே பொய்ப் பெயரில் எழுதிக்கொள்ளக் கூடாது.

கை நடுங்கிய அந்த மாலை

ஒருநாள் பொழுது சாயும் நேரம். "கேன்டீனுக்குப் பத்துக் கிலோ வேணும், முன்பணம் இப்பவே தர்றேன்" என்று ஒரு குரல். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கட்டப்படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி, பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துடும்" என்றார். மறுநாள் கட்டவேண்டிய பீஸ் பணம் முழுதும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. விரலை வைக்கப் போனேன். மகள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

"பணம் வர்றதுக்குப் பின் நம்பர் எதுக்கும்மா? அது பணம் கொடுக்கத்தான்!"

உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அடுப்பில் வறுத்த பருப்பு கருகியதுகூடத் தெரியவில்லை. சகோதரிகளே, இதை மட்டுமாவது மனதில் முடிந்து வையுங்கள். அப்படி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இன்னும் சில யோசனைகள்

* வியாபாரத்துக்கென்று 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸில் சரக்கையும் விலையையும் பட்டியலாகப் போட்டு வைக்கலாம்.

* 'பிராட்காஸ்ட்' முறையில் அனுப்பினால், நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பொட்டலம் கொடுக்கும்போதே, "எங்க நம்பரைச் சேமிச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள்.

* வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். அவர்கள் தரும் 14 இலக்க எண்ணையும், தயாரித்த தேதியையும் பொட்டலத்தில் போடுங்கள்.

* காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ராத்திரி விளக்கில் கறிவேப்பிலைப் பொடி கரித்தூள் மாதிரி இருக்கும்!

* கைபேசிக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாள் பூரா அதிலேயே இருந்தால் பொடி யார் இடிப்பது?

இப்போது மாதாமாதம் வாங்குகிறவர்கள் முப்பது வீட்டுக்காரர்கள். பெரிய வியாபாரம் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் போன தடவை பீஸ் முழுதும் பொடிக் காசில்தான் கட்டினோம். ரசீதை வாங்கிப் பார்த்த இவர், ஒன்றும் பேசாமல் சாமி படத்தடியில் வைத்தார்.

கோம்பை என்று தேடினால் இன்னமும் நாய்தான் வருகிறது. இருந்துவிட்டுப் போகட்டும். ஊர்க் காவலுக்கு ஆள் வேண்டாமா!