முதற்பாய்ச்சலின் பலன்

கூடைப்பந்தாட்டத்தில் கார்டு எனப்படுபவர்கள் பெரும்பாலும் அணியில் உயரம் குறைந்தவர்கள். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுவதும் ஆட்டத்தை எந்தப் பக்கம் திருப்புவதென்று நிர்ணயிப்பதும் அவர்கள் பொறுப்பு. கெட்டிக்காரக் கார்டுகள் பலர் ஓரணியில் சேர்ந்தால், ஒரே பந்துக்கு எல்லோரும் ஆசைப்பட்டு ஆட்டத்தையே கெடுத்துவிடுவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் வீண் என்பதை, அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து வேக்கோ நகரிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தின் அணி 2021-இல் நிரூபித்தது.

ஸ்காட் ட்ரூ பயிற்றுவித்த அவ்வணியில் ஜாரெட் பட்லர், டேவியன் மிட்செல், மேசியோ டீக் ஆகிய மூவரும் தனியாகவே புள்ளி சேர்க்கும் சாமர்த்தியம் வாய்ந்த கார்டுகள். மிட்செல் தம்மைத் தடுப்பவரைத் தாண்டிக் கூடையை நோக்கிப் பாய்ந்தாரானால், பட்லரைக் காத்து நிற்கும் எதிரணிக்காரருக்குத் தர்மசங்கடம் உண்டாகும்: மறிப்பதற்கென இரண்டடி உள்ளே வந்தால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பட்லர் தனித்து விடப்படுவார், வராவிட்டால் மிட்செல் கூடையருகே சென்று சுலபமாகப் பந்தை இட்டுவிடுவார். அந்த எதிரணிக்காரர் உள்ளே வந்த க்ஷணத்திலேயே பந்து பட்லரிடம் பறக்கும். அதுவும் மார்பளவில் வரவேண்டும், ஏனெனில் முழங்காலருகே வந்த பந்தைக் குனிந்தெடுப்பதற்குள் கிடைத்த அவகாசம் தீர்ந்துவிடும். பதறித் திரும்பி ஓடிவரும் தடுப்பாளரை எறிவதுபோல் பாவனை காட்டி ஏமாற்றி, பட்லர் தாமும் உள்ளே புகுந்தால், அவரை மறிக்க இன்னொருவர் வருவார். பந்தோ மூலையில் காத்திருக்கும் டீக்கிடம் போய்ச் சேரும்.

புள்ளி டீக்குக்கு, அசிஸ்ட் என்ற கௌரவம் கடைசியாகப் பந்தளித்த பட்லருக்கு. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த மிட்செலின் பாய்ச்சலுக்குக் கணக்குப் புத்தகத்தில் ஓரிடமும் இல்லை. இது பெரிய அநியாயம் என்பதே என் அபிப்பிராயம்.

அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி இண்டியானாபொலிஸில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டத்தில், அந்தப் பருவத்தில் அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோல்வியறியாத கொன்சாகா பல்கலைக்கழக அணியை எதிர்த்து முதல் ஒன்பது புள்ளிகளையும் பேய்லரே எடுத்து, இறுதியில் 86-70 என்று வென்றது. பட்லர் எடுத்தவை 22 புள்ளிகள். பிறருக்கு எடுத்துக் கொடுத்த அசிஸ்ட்டுகள் 7. டீக் 19, மிட்செல் 15. மிட்செலுக்கு அசிஸ்ட்டுகளும் 5. எதிரிகளின் கைராசியைக் கெடுப்பதில் சமர்த்தர் என்பதால் மிட்செலுக்கு ‘ஆஃப் நைட்’ என்றொரு பட்டப்பெயரும் உண்டு. அவர் பறித்துத் தரும் பந்து, தடுப்பாளர்கள் தத்தம் இடத்துக்குத் திரும்புமுன்பே கூட்டாளிகளின் கைக்கு வந்துவிடும்.