தானியத்துக்கு ஒரு சீட்டு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா, தோழர்களே? கதையிலே வருகிற கணக்குதான். ஆனால் உழைப்பவன் வீட்டுக் கணக்கு.

ஒரு நாடு. ஆண்டுக்கு ஒருமுறை அங்கே சீட்டுக் குலுக்குகிறார்கள். 12 வயதுப் பிள்ளையின் பெயர் ஒரு சீட்டில். 13 வயதில் இரண்டு. இப்படியே ஏறி 18 வயதில் ஏழு. கடைக்காரர் மகனுக்கும் ஏழு, சுரங்கத் தொழிலாளி மகனுக்கும் ஏழு. ஆகா, என்ன நேர்மை! என்ன சமத்துவம்!

பொறுங்கள். பசித்த பிள்ளை கூடுதலாக ஒரு சீட்டில் தன் பெயரை எழுதிப்போட்டால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கு அரைவயிற்றுக்குக் காணும் தானியமும் எண்ணெயும் அளப்பார்கள். வீட்டிலே எத்தனை வாயோ அத்தனை சீட்டுப் போடலாம். போட்ட சீட்டு அந்த ஆண்டோடு ஒழியாது. அடைபடாத கடன்போல ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும்.

நிலக்கரிச் சுரங்க வெடிப்பிலே தந்தையைப் பறிகொடுத்த காட்னிஸ் என்ற பெண்ணுக்கு, 16 வயதில் 20 சீட்டு. ஆண்டுக்கு ஒன்று சட்டப்படி. தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக மூன்று. ஐந்தாண்டு. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். அதே வெடிப்பில் தந்தையை இழந்து, ஐந்து பேர் குடும்பத்தைத் தாங்குகிற அவள் நண்பன் கேலுக்கு, 18 வயதில் 42!

சீட்டு விழுந்தால் பரிசு என்ன? சாவு. 12 மாவட்டங்களிலிருந்தும் ஓர் ஆண், ஒரு பெண்ணாக 24 பிள்ளைகளை ஓர் அரங்கிலே விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வைப்பார்கள். தலைநகரத்துச் சீமான்கள் அதைத் தொலைக்காட்சியில் கண்டு களிப்பார்கள், பந்தயமும் கட்டுவார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2008, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் எழுதிய மூன்று நூல்கள். முதல் நூல் 'தி ஹங்கர் கேம்ஸ்'. முன்கதையாக 2020-லும் 2025-லும் இன்னும் இரண்டு. நாட்டின் பெயர் பனெம். இலத்தீனில் ரொட்டி என்று பொருள். ரொட்டியும் வேடிக்கையும் கிடைத்தால் போதுமென்று கிடந்த ரோமாபுரி மக்களை ஜுவனல் என்ற புலவர் எள்ளி நகையாடினாரே, அந்தச் சொல்லிலிருந்து எடுத்தது.

"இளவட்டங்களுக்கு எழுதிய கதை, அதுவும் இப்படி இருண்ட கதை. இதைப் படித்து இன்புற முடியுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடிந்தது! மூன்றையும் கீழே வைக்க மனமில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்துச் சாவது யார் என்று ஆவலோடு பக்கத்தைப் புரட்டியபோது, நானும் அந்தத் தலைநகரத்துச் சீமான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது உறைத்தது. ஈராக் போர்க் காட்சியும் போட்டி நிகழ்ச்சியும் தொலைக்காட்சியில் மாறி மாறி வந்த ஓர் இரவில்தான் இந்தக் கதை தோன்றியது என்று காலின்ஸே கூறியிருக்கிறார்.

கேல் காட்டிலே வேட்டையாடும்போது குமுறுகிறான்: தானியத்துக்குப் பெயரை விற்பவனும், விற்கத் தேவையில்லாத கடைக்காரர் பிள்ளையும் ஒருவரையொருவர் வெறுக்கட்டும் என்றே இந்தச் சீட்டு முறை வைக்கப்பட்டிருக்கிறதென்று! எத்தனை மேடைகளில் நாம் விளக்குவதை இந்தப் பையன் முயல் வேட்டைக்கு நடுவே சொல்லிவிடுகிறான். அதை உடைப்பதும் ரொட்டிதான். பயிர்த்தொழில் செய்யும் 11-ஆம் மாவட்டத்துச் சிறுமி ரூ அரங்கிலே மடிகிறாள். காட்னிஸ் அவள் உடலுக்குப் பூச்சூட்டுகிறாள். வேற்று மாவட்டத்துப் பெண்ணாயிற்றே என்று பாராமல், பட்டினி கிடக்கும் அந்த மக்கள் காசு சேர்த்து, விதை தூவிய பிறை வடிவ ரொட்டி ஒன்றைக் காட்னிசுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கண் கலங்கிற்று.

கதையிலே மக்கள் மூன்று விரலை உயர்த்தி வணக்கம் செய்வார்கள். தாய்லாந்தில் 2014 மே மாதம் படை ஆட்சியைப் பிடித்தபோது இளைஞர்கள் அந்த மூன்று விரலைத் தெருவிலே உயர்த்தினார்கள். கைதானார்கள். 2021-இல் மியான்மரிலும் அதே விரல்கள். பிள்ளைகள் புத்தகமாம்!

மூன்றாம் நூல் பலருக்குக் கசந்தது. எனக்கு அதுதான் பெரிது. புரட்சிப் படை வெல்லும் நேரம். தலைநகரத்துப் பிள்ளைகள் மீது குண்டு விழுகிறது. காயமுற்றவர்களைக் காக்க ஓடிவந்தவர்கள் மீது, சற்றுப் பொறுத்து, இரண்டாவது குண்டு. அப்படி ஓடிவந்தவர்களில் ஒருத்தி காட்னிசின் தங்கை பிரிம். ஒரே ஒரு சீட்டு இருந்தும் பெயர் விழுந்ததே, யாருக்குப் பதிலாக அக்காள் அரங்குக்குப் போனாளோ, அந்தப் பிரிம்!

இந்த இரட்டைக் குண்டுச் சூழ்ச்சியை முன்பு வகுத்துத் தந்தவன் கேல். 42 சீட்டுப் போட்ட கேல்! "உன்னுடையதா?" என்று அவள் கேட்கிறாள். தெரியாது என்கிறான் அவன்.

வென்ற பிறகு புரட்சித் தலைவி காயின் ஒரு யோசனை சொல்கிறாள்: கடைசியாக ஒருமுறை, தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்து அதே விளையாட்டு. பழைய கொடுங்கோலன் ஸ்னோவைக் கட்டி நிறுத்தி, காட்னிஸ் கையிலே வில்லைக் கொடுக்கிறார்கள். ஒரே அம்பு. அது காயின் மீது பாய்கிறது.

அந்தப் பக்கத்தை மட்டும் மறுமுறை படித்தேன்.