ரயில் போன வழியில் சைக்கிள்

ரயில் ஓடாமல் நின்றுபோன பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் பொடிக்கல் பரப்பி, நடப்பவர்க்கும் சைக்கிளில் செல்பவர்க்கும் விட்டுவிடுவது அமெரிக்காவில் பரவலான வழக்கம். அங்கே ஓராண்டு தங்கிப் படித்தபோது அத்தகைய பாதை ஒன்றில் 150 மைல் சென்றேன். நம் சங்க நண்பர்களில் சிலர் மேற்படிப்புக்கு அந்நாடு செல்ல இருக்கின்றனர். அவர்களுக்கு உதவும் என்றெண்ணி, திட்டமிடும் முறையையும் நான் திட்டமிட்டுக் கெடுத்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாதையின் பெயர் கிரேட் அலகேனி பாஸேஜ். மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்து நகரில் தொடங்கி, பென்சில்வேனியாவிலுள்ள பிட்ஸ்பர்க்கில் முடிகிறது. மலைப்பகுதியில் முன்பு வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வேயின் வண்டிகள் ஓடின. 1975-இல் அவை நின்றன. 1986-இல் ஒஹையோபைல் என்ற சிற்றூரருகே முதற் சில மைல்கள் திறக்கப்பட்டன. முழுப் பாதையும் இணைந்தது 2013-இல்தான்.

மலை வழியாயிற்றே, மிதிக்க முடியுமா என்று கேட்கலாம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் மிகக் குறைந்த உராய்வோடு உருளும். சமதரையில் பெருஞ்சுமையை இழுக்க அது வசதி. செங்குத்தான ஏற்றத்திலோ சக்கரம் வழுக்கும். நம் ஊட்டி மலை ரயில் சுமார் 12 அடிக்கு 1 அடி ஏறவேண்டியிருப்பதால்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். பற்சட்டம் இல்லாத பாதையில் மலையைக் குடைந்தும் பள்ளத்தின்மேல் பாலம் கட்டியும் ஏற்றத்தைத் தணித்தாக வேண்டும். எஞ்சினுக்காகச் செய்த அந்த வேலை இன்று நம் முழங்காலுக்குப் பயன்படுகிறது.

ஆனால் ஏற்றம் இரு பக்கமும் ஒன்றல்ல. பாதையின் உச்சி 2,392 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு பக்கம் பெய்யும் மழை அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது. மறுபக்கத்து மழை மிசிசிப்பி ஆற்றின் வழியாக மெக்சிகோ வளைகுடாவைச் சேர்கிறது. கம்பர்லாந்திலிருந்து உச்சிக்கு 24 மைல். பிட்ஸ்பர்க்கிலிருந்து 126 மைல். ஏறும் உயரமோ ஏறக்குறைய ஒன்றே. கணக்கிட்டுப் பாருங்கள்: முதலாவது சுமார் 70 அடிக்கு 1 அடி, இரண்டாவது சுமார் 400 அடிக்கு 1 அடி.

கஷ்டத்தை முதல் நாளே தீர்த்துவிட்டால் பிறகு 126 மைலும் இறக்கம்தானே என்று நான் கம்பர்லாந்திலிருந்து கிளம்பத் தீர்மானித்தேன். அதில் தவறில்லை. முதல் நாளே 62 மைல் சென்று கான்ஃபுளூயன்ஸ் என்ற ஊரில் தங்குவதென்று அறைக்குப் பணமும் கட்டினேனே, அதுதான் தவறு. உடன் வந்த நண்பர் திருநெல்வேலிக்காரர். பள்ளிக்கூடத்தை விட்டபின் சைக்கிளைத் தொட்டவரல்லர். அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது அக்டோபர் மாதம். அதிகாலையில் பிட்ஸ்பர்க்கில் ரயிலேறிக் கம்பர்லாந்தில் இறங்கி, சைக்கிள்களைச் சரிசெய்து புறப்படும்போது மணி பத்தரை. மாலை ஏழுக்குள் இருட்டிவிடும். நான் மைலைத்தான் எண்ணினேன், மணியை எண்ணவில்லை. 16-ஆவது மைலில் ஃபிராஸ்ட்பர்க் வருமுன்பே நண்பர் மூன்று முறை இறங்கித் தள்ளினார். உச்சிக்குச் சற்று முன்னால் பிக் சாவேஜ் சுரங்கம். நீளம் 3,300 அடிக்குச் சற்றுக் குறைவு. உள்ளே விளக்குண்டு, ஆனால் குளிர் எலும்பைத் தொட்டது. 32-ஆவது மைலில் மேயர்ஸ்டேல் வந்தபோது மணி நான்கரை. நண்பர் பழைய ஸ்டேஷன் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீர் போம். நான் ரயிலில் வந்துவிடுகிறேன்" என்றார்.

எங்கே போய் ரயிலேறுவது? பயணிகள் ரயில் கம்பர்லாந்தை விட்டால் கனல்ஸ்வில்லில்தான் நிற்கும். அது இன்னும் 56 மைல். இதைக்கூட நான் அவரிடம் முன்னதாகச் சொல்லவில்லை. அவர் கோபிக்கவில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார். கோபித்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

கான்ஃபுளூயன்ஸில் கட்டிய பணம் போயிற்று. அன்றிரவு மேயர்ஸ்டேலிலேயே தங்கி, இருவரும் உட்கார்ந்து புதுத் திட்டம் போட்டோம். மறுநாள் 40 மைல், ஒஹையோபைல் வரை; அடுத்த நாள் 42 மைல், வெஸ்ட் நியூட்டன் வரை; நான்காம் நாள் மீதி 36 மைல். நாள் தூரத்தை அவர் சொன்னார், நான் எழுதினேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

போக நினைப்பவர் முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே பனி உறைந்து சுவரைக் கெடுக்காதிருக்க, குளிர்காலத்தில் அந்தச் சுரங்கத்தின் கதவுகளை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. சுற்றிப்போக நல்ல வழி கிடையாது. ரயிலில் சைக்கிளுக்கும் முன்பதிவு வேண்டும். பொடிக்கல் மழையில் சேறாகும். ஆதலால் மெல்லிய டயர் உதவாது. ஊருக்கு ஊர் தூரம் அதிகம். தண்ணீரை நிரப்பிக்கொண்டே கிளம்புங்கள். உபரி டியூபும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் போகாதீர்கள்.

கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டனுக்கு இன்னொரு பாதை போகிறது. அது ரயில் பாதையன்று. பழைய கால்வாய்க் கரையில் கோவேறு கழுதைகள் படகிழுத்த வழி. நீளம் 184.5 மைல். அடுத்த இலையுதிர்காலத்தில் அங்கே போகலாமென்று நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார். திட்டத்தையும் அவரே போட்டு அனுப்பியிருக்கிறார்: ஆறு நாள்.