தாடை மூட்டு வலியும் அறுவையில்லா மருத்துவ முறைகளும்

முன்னுரை

கீழ்த்தாடையின் எலும்பு முனையும் பொட்டெலும்பின் குழியும் காதுக்குச் சற்று முன்னே கூடுமிடம் தாடை மூட்டாகும். இடையிலுள்ள நார்த்தட்டு, வாய் அகலத் திறக்கும்போது எலும்பு முனையோடு முன்னோக்கி நகர்கிறது. இம்மூட்டிலும் மெல்லும் தசைகளிலும் எழும் வலி, காதுவலியாகவும் தலைவலியாகவும் உணரப்படுவதுண்டு. இவ்வலியை அறுவையின்றித் தணிக்கும் முறைகளையும், அவை முதலிடம் பெற்ற காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருத்து மாற்றம்

1934-இல் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பல்லிழப்பால் தாடையின் நிலை மாறுவதே இக்குறிகளுக்குக் காரணம் என்றார். இத்தகைய கருத்தையொட்டிக் கடிவாயைச் சீராக்கப் பற்களைத் தேய்க்கும் சிகிச்சைகளும் மேற்கொள்ளப்பட்டன. தசையிறுக்கம், பல் நெரித்தல், மன அழுத்தம், உறக்கக்குறை, நரம்பு மண்டலத்தின் வலியுணர்திறன் எனப் பல காரணிகள் இணைந்தே வலியை உருவாக்குகின்றன என்பது இன்றைய நிலைப்பாடு. 1980களில் நார்த்தட்டுக்கு மாற்றாகப் பொருத்தப்பட்ட டெஃப்லான் கலந்த செயற்கைப் பொருள், பலருக்கு மூட்டினுள் சிதைந்து எலும்பை அரித்தது. 1990களின் தொடக்கத்தில் அது விலக்கப்பட்டது. தேய்த்த பல்லையும் அகற்றிய தட்டையும் மீட்க இயலாது. எனவே, மீளத்தக்க முறைகளே முதலில் கையாளத்தக்கன.

சிகிச்சை முறைகள்

உதடுகள் மூடியிருக்க, மேல் கீழ்ப் பற்கள் தொடாதிருப்பதே தாடையின் ஓய்வுநிலை. இதனை நோயாளிக்கு உணர்த்துதல் முதற்படியாகும். மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், கொட்டாவியின்போது தாடையைக் கையால் தாங்குதல் ஆகியன மூட்டின் சுமையைக் குறைக்கின்றன.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கென 2023-இல் பி.எம்.ஜே. இதழ் வெளியிட்ட மருத்துவ வழிகாட்டுதல், அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை, சிகிச்சையாளர் கையால் மூட்டை அசைத்துத் தரும் பயிற்சி, தசையின் வலிமுடிச்சுகளை அழுத்தித் தளர்த்துதல், மேற்பார்வையுடன் கூடிய தாடை, உடல்நிலைப் பயிற்சிகள் ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைக்கிறது. பரவலாக வழங்கப்படும் பற்கவசத்தை இவ்வலிக்கு அது பரிந்துரைக்கவில்லை. பல் தேய்மானத்தைத் தடுப்பதும் வலியைத் தணிப்பதும் வெவ்வேறு பயன்கள் என்பது இங்குக் கருதத்தக்கது.

எனினும், வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல், வாய் திறக்க இயலாமை ஆகியன இருப்பின் உடனடிப் பரிசோதனை தேவை. நெஞ்சுவலியோடு வரும் தாடைவலி மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

முடிவுரை

தாடை மூட்டு வலி, பல்லின் அமைப்பை மட்டும் சார்ந்ததன்று. பழக்கம், தசை, மனம் ஆகியவற்றையும் சார்ந்தது. ஆதலின், கல்வி, பயிற்சி, மனத்தளர்வு ஆகியவற்றை முதலில் நாடுவதே நோயாளியை மீளாத இழப்பிலிருந்து காக்கும் நெறி என்பது பெறப்படுகிறது.