சோறு தின்றால் குதிரைக்கு என்ன ஆகும்?

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தருகே பழையகாயல் இருக்கிறது. இன்று சின்ன ஊர். 13-ஆம் நூற்றாண்டில் முத்தும் குதிரையும் கைமாறிய பெரிய துறைமுகம்.

பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் குதிரை வாங்கினாராம். ஆண்டு முடிவில் 100 கூடத் தேறாதாம். மார்க்கோ போலோ எழுதி வைத்தது. கணக்கைக் கொஞ்சம் ஊதியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: தீனியாகச் சோறும் வெந்த இறைச்சியும், வைத்தியம் பார்க்கவோ ஆளில்லை.

சோறு எப்படிக் குதிரையைச் சாய்க்கும்?

அவ்வளவு பெரிய உடம்புக்குள் இரைப்பை மிகச் சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயவே அது அமைந்திருக்கிறது. புல்லைச் செரிக்கும் வேலை பெருங்குடலில்; அங்குள்ள நுண்ணுயிர்கள் நாரை மெல்லப் புளிக்கவைத்துச் சத்தாக்கும்.

ஒரேயடியாகச் சோறு கொட்டினால் சிறுகுடலால் சமாளிக்க முடியாது. மிஞ்சிய மாவுச்சத்து பெருங்குடலுக்கு வழிந்துவிடும். இட்லி மாவைச் சிறிய பாத்திரத்தில் நிரப்பி, வெயிலில் மூடி வைத்தால் என்னவாகும்? அதேதான். அமிலம் ஏறும், காற்று உப்பும். குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது.

அடுத்த அடி குளம்பில். குடலிலிருந்து நச்சு ரத்தத்தில் கலக்க, குளம்பையும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய திசு அழற்சி கண்டு தளர்கிறது. பிறகு நிற்பதே நரகம். லாடம் கட்டத் தெரிந்தவரும் இல்லையென்றால்?

எங்காவது குதிரையைக் கண்டால் பாசத்தில் பொங்கலை நீட்டாதீர்கள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, ஒரு கைப்பிடி அருகம்புல் கொடுங்கள்.