செவிப்பறைக்கு எந்த ஒட்டு?

செவிப்பறையின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அடிபட்டோ தொற்றாலோ அதில் விழும் துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். மாதக்கணக்கில் மூடாமல், தண்ணீர் போகும்போதெல்லாம் சீழ் வடியும் காதுக்குத்தான் ஒட்டு அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. ஒட்டப்படும் திசு துளையை அடைக்கும் வெறும் மூடியல்ல. விளிம்பிலிருந்து வளரும் புதுச் சவ்வு படர்ந்து செல்ல உதவும் சாரம். ரத்த நாளங்கள் வந்து சேரும்வரை, சுற்றிலும் ஊறும் திரவத்தைக் கொண்டே அது பிழைத்திருக்க வேண்டும்.

1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் காது மருத்துவர்கள் வுல்ஸ்டைனும் சோல்னரும் தோலை ஒட்டினார்கள். தோல் ஓயாமல் செதில் உதிர்க்கும். காதுக்குள் அது தொல்லைதான். சிரையின் சுவரும் சில காலம் பயன்பட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்த பொட்டுத் தசையின் மேலுறை இவற்றை ஓரங்கட்டிவிட்டது. அதற்குக் காரணம் எளிது. காதுக்குப் பின்னால் போடும் அதே கீறல் வழியாகவே எடுத்துவிடலாம், வேண்டிய அளவு கிடைக்கும், மெல்லியது, குறைந்த ஊட்டத்திலும் உயிர் தாங்கும். பத்துக் காதுகளில் எட்டு ஒன்பதிலாவது ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஆறும்போது சுருங்கக்கூடும். மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் சரியாகத் திறக்காத காதில், உள்ளே காற்றழுத்தம் குறைந்து, உறை உள்வாங்கிப் பிறகு கிழியவும் செய்யும்.

குருத்தெலும்பு அப்படி வளையாது. காதுத் துளையின் முன்னுள்ள சிறு மேட்டிலிருந்து எடுப்பது வழக்கம். மேட்டின் நுனியை விட்டுவைத்தால் முகத்தோற்றம் மாறாது. இவ்வளவு விறைப்பான பொருள் எப்படி அதிரும் என்ற ஐயம் நியாயமானதே. அந்தக் குருத்தெலும்பு சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன். அதை 0.5 மில்லிமீட்டராகச் சீவினால் உறுதியும் அதிர்வும் ஓரளவு ஒத்துப்போகின்றன என்று ஆய்வக அளவீடுகள் காட்டின. ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும், குருத்தெலும்பு ஒட்டிக்கொள்ளும் விகிதம் சற்று அதிகம். கேட்கும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை. அதன் உண்மையான குறை வேறு. அது ஒளி ஊடுருவாதது. பின்னால் சீழோ தோல்கட்டியோ சேர்ந்தாலும் மருத்துவரின் கண்ணுக்கு எளிதில் படாது.

குருத்தெலும்பின் மேலுறையை மட்டும் எடுத்தும் ஒட்டலாம். பண்பில் அது தசையுறைக்கு நெருக்கமானது. குண்டூசித் தலை அளவுத் துளைக்குக் காது மடலிலிருந்து சிறு கொழுப்புத் துண்டை எடுத்துச் செருகினாலே போதும். இறந்தவர்களின் செவிப்பறையும் ஒருகாலத்தில் பயன்பட்டது. நோய் பரவும் அச்சத்தால் கைவிடப்பட்டது.

எனவே எது சிறந்தது என்ற கேள்விக்குக் காதின் நிலையே பதில் சொல்கிறது. முதல்முறை அறுவை, காய்ந்த காது, நடுத்தரத் துளை என்றால் தசையுறை தாராளமாகப் போதும். ஒருமுறை ஒட்டித் தோற்ற காது, முழுப்பறையும் அழிந்த நிலை, உள்வாங்கும் பறை ஆகியவற்றில் குருத்தெலும்பையே நாடுவது நல்லது. பறைக்குப் பின்னுள்ள சிற்றெலும்புகள் அரித்துப் போயிருந்தால், எந்த ஒட்டு பிடித்தாலும் துளை மட்டுமே மூடும். கேட்கும் திறனுக்கு அந்த எலும்புத் தொடரையும் சீரமைத்தாக வேண்டும்.